சூடு காட்டிய தகடுகள்

எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் டாக்டர் பட்டம் இல்லாத இரண்டு பேர் லீவு போட்டால் அன்றைக்கு ஒரு வேலையும் நடக்காது. ஒருத்தி நான், சந்திரிகா, அலுவலகக் கண்காணிப்பாளர். அடையாற்றில் இருபத்தாறு வருஷமாக அதே மேஜை, தலைக்கு மேல் அதே மின்விசிறி. இன்னொருவர் அப்துல் வஹீத். அவர் நிரந்தர ஊழியர்கூட இல்லை. வருஷா வருஷம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டிய திட்ட உதவியாளர். அந்தக் கோப்பு என் கையைத் தாண்டித்தான் துறைத் தலைவர் பேராசிரியர் சுவாமிநாதனிடம் போகும். ஆகவே வஹீதைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. இதில் நான் நடந்துகொண்ட விதம் எனக்குப் பெருமையாக இல்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

வஹீத் ராயப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவர். வீட்டில் உருது, தெருவில் மெட்ராஸ் தமிழ். பத்தொன்பது வயதில் தி.நகர் உஸ்மான் ரோட்டுக்குப் பின்னால் இருந்த ஒரு நகைப் பட்டறையில் சேர்ந்து இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தார். தங்க ரேக்கு ஒட்டுவது அவருக்குக் கைவந்த வேலை. மூச்சு விட்டால் பறந்துவிடும் அளவுக்கு மெல்லிய தகட்டை அவர் தூரிகையால் தூக்கி வைப்பதைப் பார்க்க மற்ற பட்டறைக்காரர்கள் வருவார்களாம். ஆனால் சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது சட்டையை உதறிக் காட்ட வேண்டும். தலைமுடியைக் கோதிக் காட்ட வேண்டும். கை கழுவிய தண்ணீரைக்கூட வாளியில் பிடித்து வைத்துக்கொள்வார்கள், தூள் தங்கம் போய்விடுமாம். நகைத் தொழிலில் இது எல்லா இடத்திலும் உள்ள வழக்கம்தான். வஹீதுக்கு மட்டும் அது கடைசி வரை பழகவில்லை.

அவர் எங்களிடம் வந்ததற்குக் காரணம் எங்கள் மாணவர்களின் கைதான். தலைமுடியின் கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத தங்கத் தகடுகளைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, சட்டைப் பொத்தான் அளவு செம்பு வளையங்களில் ஏந்தி எடுக்க வேண்டும். பெரிய பெரிய படிப்பெல்லாம் படித்த பிள்ளைகள் பத்துக்கு எட்டைக் கிழித்தார்கள். சுவாமிநாதன் வெறுத்துப்போய், மனைவிக்கு வளையல் வாங்கப் போன கடையில் ஆள் கேட்டார். அப்படி வந்தவர் வஹீத். முதல் நாள் பத்து தகடு எடுத்தார், ஒன்றுதான் கிழிந்தது. அன்று மாலை வாசலில் நின்று, பழக்க தோஷத்தில், வாட்ச்மேன் முன்னால் சட்டையை உதறினார். வாட்ச்மேன் சிரித்துவிட்டு, போங்க பாய் என்று அனுப்பிவிட்டாராம். இந்த ஏழு வருஷத்தில் இதை என்னிடம் பத்து தடவையாவது சொல்லியிருப்பார்.

இவ்வளவு மெல்லிய தகடு எதற்கு என்று ஒருநாள் லாவண்யாவிடம் கேட்டேன். லாவண்யா எங்கள் ஆராய்ச்சி மாணவி. கோடம்பாக்கத்தில் சினிமாவுக்கு லைட் பிடிப்பவரின் மகள். டாக்டர் பட்டத்துக்கு இது அவளுக்கு ஆறாவது வருஷம், உதவித்தொகை நின்று பத்து மாதம் ஆகிவிட்டது. அவள் சொன்னாள்: தங்கத்தைச் சூடாக்கினால் உருகும், மேலும் சூடாக்கினால் ஆவியாகும். ஆனால் அது விரிந்து பறக்க நேரமே கொடுக்காமல், ஒரு நொடியின் லட்சம் கோடியில் ஒரு பங்குக்குள் பல ஆயிரம் டிகிரி சூட்டை உள்ளே திணித்தால்? அப்போது அது திடப்பொருளும் இல்லை, திரவமும் இல்லை, வாயுவும் இல்லை. நெருக்கம் மட்டும் குறையாது, சூடோ சொல்லி மாளாது. வியாழன் கிரகத்தின் வயிற்றில் இருப்பது அந்த மாதிரி நிலையில் உள்ள பொருள்தானாம். அதைப் படம் பிடிக்க ஆஸ்பத்திரி எக்ஸ்ரே உதவாது. ஜெர்மனியில் பூமிக்கடியில் மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீளமான சுரங்கத்தில் எலக்ட்ரான்களை ஓடவிட்டு, நெளியவைத்து, அதிலிருந்து எக்ஸ்ரே லேசர் எடுக்கிறார்கள். ஒரு லேசர் தகட்டைச் சுடும், அது அடங்குவதற்குள் எக்ஸ்ரே லேசர் படம் எடுத்துவிடும். படத்தில் வட்ட வட்டமாகக் கோடு தெரிந்தால் தங்கம் இன்னும் உருகவில்லை. கோடு கரைந்திருந்தால் உருகிவிட்டது. படம் கையில் இருக்கும், தகடு இருக்காது. நடுவில் ஓட்டையோடு வளையம் மட்டும் மிஞ்சும்.

அந்த இயந்திரத்தில் இடம் கிடைப்பது லேசில் இல்லை. இரண்டு வருஷம் விண்ணப்பம் போட்டு எங்களுக்குக் கிடைத்தது ஐந்து நாள், தினம் எட்டு மணி நேரம். போன மே மாதம் லாவண்யா இருநூற்று நாற்பது தகடுகளை ஆறு தட்டுகளில் எடுத்துக்கொண்டு விமானம் ஏறினாள். அத்தனையும் வஹீத் மூன்று மாதம் குனிந்து உட்கார்ந்து வளையத்தில் ஏற்றியவை. முழங்கால் ஆபரேஷன் முடிந்த சுவாமிநாதன் பயணம் போக முடியாமல் இங்கேயே இருந்தார்.

கடைசி நாள் மதியம் மூன்று மணிக்கு சுவாமிநாதன் எல்லோரையும் காபிக்குக் கூப்பிட்டார். மயிலாப்பூரிலிருந்து பால்கோவா வாங்கி வரச் சொல்லியிருந்தார். அந்த மனிதர் தன் காசில் இனிப்பு வாங்கி நான் பார்த்ததே இல்லை. தங்கம் உருகுவதற்குக் கணக்குப்படி ஆக வேண்டிய நேரத்தைவிட இரண்டு மடங்கு ஆகிறது என்றார். நான்கு நாளாகப் பெரும்பாலான படங்கள் அதையே சொல்கின்றன, ஒத்துவராத சிலதைக் குறி தப்பிய ஷாட் என்று ஒதுக்கியாயிற்று, உலகத்தில் வேறு யாரும் இதைப் பார்த்ததில்லை என்றார். எதிர்த்துக் கேட்பவர்களுக்கு என்ன பதில் வைத்திருக்கிறார் என்பதையும் அவரே சொன்னார்.

"எல்லாத் தகடும் ஒரே நாள்ல ஒரே மெஷின்ல படிய வெச்சது. வந்தது வந்தபடியே வளையத்துல ஏத்திண்டு போயிருக்கா. வேற எதுவும் பண்ணலே. அதனாலதான் இதை நம்ப முடியறது."

சொல்லிவிட்டு வஹீத் பக்கம் திரும்பி, உங்க கைதான் பாய் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். வஹீத் கையில் இருந்த பால்கோவாவைச் சாப்பிடாமல் அப்படியே காகிதத்தில் மடித்தார். முகம் வெளுத்துவிட்டது. வெயிலில் ஏதாவது மயக்கமோ என்றுதான் நான் நினைத்தேன்.

மூன்றே காலுக்கு என் மேஜைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"மேடம், சுருக்கம் வுழுந்த தகடுக்கெல்லாம் நான் சூடு காட்டிட்டேன்."

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு விவரமாகச் சொன்னார். பட்டறையில் மெல்லிய தகடு சுருங்கினால் யாரும் நீவி நிமிர்த்த மாட்டார்கள், கிழிந்துவிடும். அடியில் லேசாகச் சூடு காட்டுவார்கள். உலோகம் தளர்ந்து சுருக்கம் தானாக விட்டுவிடும். இதைச் செய்தேன் என்று யாரும் யாரிடமும் சொல்வதில்லை. குழம்பு வைத்தவள் உப்புப் போட்டேன் என்று தனியாகச் சொல்வாளா? நம் ஊர்ப் புழுக்கத்தில் நனைந்து காய்ந்த தகடுகளில் முக்கால்வாசி சுருங்கியிருக்கின்றன. இவர் ஒவ்வொரு வளையத்தையும் இடுக்கியில் பிடித்து, சால்டரிங் அயர்ன் முனையை அடியில், தொடாமல் வைத்து, பதினைந்து எண்ணியிருக்கிறார். தகடு கண்ணாடியாட்டம் ஆகிவிடும். நல்ல வேலை என்று நினைத்துத்தான் செய்தார்.

அதனால் என்ன கெட்டுப்போய்விட்டது என்று கேட்டேன்.

"சூடு காட்டின தங்கம் உள்ளாற மாறிப்பூடும் மேடம். வளைச்சா வேற மாதிரி வளையும், வெட்டுனா வேற மாதிரி வெட்டும். அப்ப உருகறது மட்டும் அதே மாதிரியாவா இருக்கும்?"

அவருடைய ஒப்பந்தக் கோப்பு என் மேஜையில் இருந்தது. மே முப்பத்தொன்றோடு முடிகிறது. சுவாமிநாதன் கையெழுத்து இன்னும் வாங்கவில்லை. அவருடைய மகள் மஹ்விஷ் காலேஜில் இரண்டாம் வருஷம். நாற்பத்தெட்டு வயதில் இந்த வேலை போனால் அவர் திரும்பப் பட்டறைக்குத்தான் போக வேண்டும், சட்டையை உதறிக் காட்டத்தான் வேண்டும். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

"பாய், சுட்ட தகடெல்லாம் போயாச்சு. இனிமே யாரும் கண்டுபிடிக்க முடியாது. பேசாம இருங்க."

லாவண்யா பாப்பா இதை வைத்துத்தானே பட்டம் வாங்கப் போகிறது என்றார். அவளுக்கும் இது நல்லதுதான் என்றேன். இப்படி நாக்கில் நரம்பில்லாமல் பேசியது நான்தான். யாராவது இதே மாதிரி என்னிடம் பேசியிருந்தால் அறைந்திருப்பேன்.

அவர் போய்விட்டார். நான் கோப்புகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன், ஒரு வரி மண்டையில் ஏறவில்லை. ஜெர்மனியில் கடைசி ஷிஃப்ட் நம் நேரப்படி மாலை ஆறரைக்கு முடியும். அதற்குப் பிறகு வேறு நாட்டுக்காரர்கள் உள்ளே வந்துவிடுவார்கள். ஆறரை எப்போது ஆகும் என்று கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆகிவிட்டால் இதைப் பற்றிப் பேச ஒன்றும் இருக்காது.

நாலரைக்கு வஹீத் மறுபடி வந்தார். இந்தத் தடவை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அங்க சுடாத தகடு இன்னும் மிச்சம் கீதுங்களா மேடம்?"

பொய் சொல்லியிருக்கலாம். சற்று முன்னால் லாவண்யா அனுப்பிய செய்தி என் போனிலேயே இருந்தது. ஐந்து தட்டு முடிந்தது, ஆறாவது தட்டில் இருபத்திரண்டு பாக்கி, லேசரைச் சரிபார்க்க நிறுத்தியிருக்கிறார்கள் என்றேன். அப்படியென்றால் சூடு காட்டாததும் அதில் இருக்கும், இரண்டையும் சுட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றார். முதலில் சுவாமிநாதனிடம் சொல்லலாம் என்றேன். அவர் கிண்டியில் ஒரு கமிட்டி கூட்டத்துக்குப் போயிருந்தார், போன் அணைந்திருந்தது. உண்மையைச் சொன்னால் அது எனக்கு நிம்மதியாக இருந்தது. வஹீத் காத்திருக்கவில்லை. தன் போனை எடுத்து லாவண்யாவை வாட்ஸாப்பில் கூப்பிட்டார். அடித்து நின்றது. மறுபடி கூப்பிட்டார். எடுக்கவில்லை. ஆறாவது தடவை, நாலு ஐம்பத்தைந்துக்கு, அவள் எடுத்தாள்.

ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். ஸ்பீக்கரில் லாவண்யாவின் குரல் வந்தது. திட்டவில்லை, அழவில்லை.

"பாக்கி இருக்கற இருபத்திரண்டுல எதெல்லாம் சூடு காட்டினது பாய்?"

அங்கேதான் மாட்டிக்கொண்டோம். வஹீத் எதையும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்க வேண்டிய விஷயம் என்றே அவருக்குத் தோன்றவில்லை. ஒரு ஷாட்டுக்குக் குறியைச் சரிபார்க்க ஐந்து நிமிஷம் ஆகும், எதெது என்று பிரிக்க ஆகும் நேரம் போகப் பன்னிரண்டு தகடு சுட்டால் அதிகம் என்று லாவண்யா சொன்னாள். பாதி சூடு காட்டியதாகவும் பாதி காட்டாததாகவும் தெரிந்து சுட வேண்டும். தெரியாமல் சுட்டால் எந்த முடிவுக்கும் வர முடியாது.

தட்டில் பொருத்துவதற்கு முன்னால் ஒவ்வொரு வளையத்தையும் மைக்ராஸ்கோப்பில் படம் எடுத்து வைப்பது வழக்கம். அழைப்பைத் துண்டிக்காமல் ஆய்வகத்துக்கு ஓடினோம். ஓடினோம் என்றால் ஓடினோம், இந்த ஐம்பத்துநாலு வயதில் மூன்று மாடி. கணினியின் கடவுச்சொல் எனக்குத்தான் தெரியும். ஆறாவது தட்டின் படங்களைத் திறந்தேன். எல்லாம் எனக்கு ஒன்றே போலத்தான் இருந்தன. வஹீத் தகட்டைப் பார்க்கவே இல்லை, சுற்றியிருந்த செம்பு வளையத்தின் விளிம்பைப் பார்த்தார். சூடு பட்ட செம்பு ஓரத்தில் ஒரு நூல் அளவு கருத்திருக்கும் என்றார். திரையின் வெளிச்சத்தைக் கூட்டச் சொன்னார், ஜன்னல் திரையை இழுக்கச் சொன்னார். மூக்கு கணினித் திரையில் முட்டும்படி குனிந்து, லாவண்யா சொல்லச் சொல்ல, ஒவ்வொரு எண்ணுக்கும் பதில் சொன்னார். பத்தொன்பது, காட்டினது. இருபது, காட்டினது. இருபத்திரண்டு, காட்டல. அவர் ஒவ்வொன்றாகச் சொல்வதைக் கேட்டபோது, தன் வேலையைத் தானே ஒவ்வொரு எண்ணாக எழுதிக் கொடுத்துக்கொண்டிருப்பதாகத்தான் எனக்குப் பட்டது.

முப்பத்தொன்றில் நின்றுவிட்டார். அந்தப் படத்தில் இடுக்கியின் நிழல் விளிம்பில் விழுந்திருந்தது. காட்டாததில் இதுவரை ஐந்துதான் சேர்ந்திருந்தது, இது ஆறாவதாக இருந்தால் சரியாக இருக்கும் என்று லாவண்யா அவசரப்படுத்தினாள்.

"தெரியல பாப்பா."

"ஏதாவது ஒண்ணு சொல்லுங்க பாய், டைம் இல்ல."

"தெரியாதத எப்படி சொல்றது. அத வுட்டுடு."

அதற்குப் பிறகு அவள் வற்புறுத்தவில்லை. முப்பத்தேழு காட்டாதது என்று கிடைத்தது. ஐந்து முப்பதுக்குச் சுட ஆரம்பித்தார்கள். போனை மேஜைமேல் வைத்துவிட்டு இருவரும் உட்கார்ந்திருந்தோம். ஒவ்வொரு ஷாட்டுக்குப் பிறகும் லாவண்யா ஒரே வார்த்தை சொன்னாள். சூடு காட்டியதற்கு எல்லாம் லேட் என்றாள். காட்டாத முதல் தகட்டுக்கு, சீக்கிரம் உருகிடுச்சு என்றாள். இரண்டாவதும் சீக்கிரம். கணக்கு சொன்ன அதே நேரம், ஒரு இம்மி கூடுதல் இல்லை. மூன்றாவது தகட்டுக்குப் பிறகு அவள் குரல் தேய்ந்துவிட்டது. புதுக் கண்டுபிடிப்பு இல்லை. சால்டரிங் அயர்னில் பதினைந்து எண்ணியதுதான் அது. ஆறு வருஷமாக அந்தப் பெண் காத்திருந்தது என் கண் எதிரே, ஐந்து ஐந்து நிமிஷமாகக் கரைந்துபோனது. ஆறு இருபத்தெட்டுக்குக் கடைசி ஷாட் முடிந்தது. சரி பாய் என்றாள், போனை வைத்துவிட்டாள்.

வஹீத் கணினியை அணைத்தார். சால்டரிங் அயர்னைத் துடைத்து டிராயரில் வைத்தார். கீழே இறங்கும்போது நான் ஏதாவது ஆறுதல் சொல்லியிருக்க வேண்டும்.

மறுநாள் காலை, லாவண்யா எழுதி அனுப்பிய விவரத்தைப் படித்துவிட்டு, சுவாமிநாதன் வஹீதின் கோப்பை நிறுத்தி வைக்கச் சொன்னார். கோபத்தில் கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. இனி இவனை நம்பி எதையும் கொடுக்க முடியாது என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். அடுத்த ஐந்து நாளும் வஹீத் நேரத்துக்கு வந்தார், நேரத்துக்குப் போனார். அவருக்கு யாரும் வேலை கொடுக்கவில்லை. கிழிந்த தகடுகளைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். வீட்டில் மனைவி சகினாவிடம் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டேன். முப்பத்தொன்றாம் தேதி சொல்லலாம் என்று இருக்கிறேன் என்றார்.

இருபத்தெட்டாம் தேதி லாவண்யா வந்து சேர்ந்தாள். விமானத்தில் தூங்காத கண்ணோடு நேராக ஆபீசுக்கு வந்துவிட்டாள். சுவாமிநாதன் தன் அறைக்கு மூன்று பேரையும் கூப்பிட்டார். கோப்பையும் கொண்டு வரச் சொன்னார். வஹீத் முன்னால் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, அனுமதி இல்லாமல் தகடுகளைச் சூடுபடுத்தி ஆராய்ச்சியைக் கெடுத்ததாக எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். அது கோப்பில் சேர்ந்தால் ஒப்பந்தம் மட்டுமல்ல, வேறு எந்த ஆய்வகத்திலும் அவருக்கு இடம் கிடைக்காது. வஹீத் பேனாவை எடுத்தார். தமிழில் எழுதலாமா சார் என்று கேட்டார்.

லாவண்யா லேப்டாப்பைத் திறந்து சுவாமிநாதன் பக்கம் திருப்பினாள்.

"சார், இது ரெண்டாவது நாள் எடுத்த படம். லேசர் சுடறதுக்கு முன்னாடி எடுத்தது. கோடா இருக்க வேண்டிய வட்டம் புள்ளி புள்ளியா இருக்கு. சூடு பட்ட தங்கம்தான் இப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். அன்னிக்கே பார்த்துட்டேன். பாய்க்கு ஒரு போன் போட்டு ஏன் இப்படி இருக்குன்னு கேட்டிருக்கலாம். கேட்டா ரிசல்ட் போயிடுமோன்னு கேக்கல."

சுவாமிநாதன் படத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"அன்னிக்கு சாயங்காலமே உங்களுக்கும் அனுப்பினேன் சார். நீங்க கட்டை விரல் போட்டு அனுப்பினீங்க," என்றாள்.

இதற்கு மேல் நான் சும்மா இருந்தால் எனக்கே என்னைப் பிடிக்காது என்று தோன்றியது. வாயைத் திறக்காதீர்கள் என்று பாயிடம் சொன்னவள் நான்தான் சார் என்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. லாவண்யாவையும் பார்க்கவில்லை. புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வஹீத் பேனாவை மூடி மேஜைமேல் வைத்தார். அவர் குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

"ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பனே சார். ஏன் யாரும் என்னக் கேக்கல?"

நான் கோப்பைப் பிரித்து, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் விரலை வைத்து, சுவாமிநாதன் முன்னால் நகர்த்தினேன். அவர் போட்டார். தேதியைத் தப்பாக எழுதிவிட்டதால் அடித்துவிட்டுப் பக்கத்தில் மறுபடி எழுத வேண்டியிருந்தது.